ஆமை சொல்லியனுப்பிய பதில்

கரட்டுக் காட்டில் ஒரு கௌதாரி இருந்தது. உடம்பு ஒரு கைப்பிடி. குரலோ காடு கொள்ளாது. விடியற்காலையில் அது வாயைத் திறந்தால், ஆற்றின் அக்கரையில் படுத்திருக்கும் காட்டுப்பன்றி காதை உதறிக்கொண்டு எழுந்துவிடும்.

"ஆரம்பிச்சுட்டாடா கூப்பாட்டுக்காரி!" என்று அலுத்துக்கொள்ளும்.

கௌதாரிக்கு அந்தப் பட்டப்பெயரில் உள்ளூரப் பெருமைதான்.

கௌதாரி குடியிருந்த கள்ளிப்புதரின் மறுபக்கத்தில் ஒரு கட்டாமை இருந்தது. முதுகெல்லாம் மஞ்சள் நட்சத்திரம் தீட்டிய ஆமை. அதற்குக் குரலென்று ஒன்று கிடையாது. பேசினால் காய்ந்த இலை நகர்வதுபோல் இருக்கும். கௌதாரி காட்டுச் செய்திகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டும். ஆமை கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும். கௌதாரி இரைக்குப் போயிருக்கும் நேரத்தில் அதன் குஞ்சுகள் ஆமையின் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடும்.

"இறங்குங்கடா! பெரியம்மாவுக்கு வலிக்கப் போகுது!" என்று கௌதாரி திரும்பி வந்து அதட்டும்.

"விடு. நான் என்ன தேய்ஞ்சா போயிடப் போறேன்?" என்று ஆமை சொல்லும்.

அந்தக் காட்டில் கோடை வந்தால் ஆறு வற்றிப் போகும். மணல்தான் மிஞ்சும். யானைகள் மட்டும் மணலைத் தோண்டி, அடியில் ஊறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகும். மற்றவை தாகத்தில் சுருண்டு விழும். ஒரு கோடையில் யானைக் கூட்டத்தின் தலைவிக்கு மனம் பொறுக்கவில்லை. ஆறு நெடுக ஊற்றுகளைத் தோண்டிவிட்டு, "இவையெல்லாம் காட்டுக்குப் பொது! யாரும் வரலாம், குடிக்கலாம்!" என்று சொல்லிவிட்டது. அந்த ஆண்டு தாகத்தால் ஒரு மான்குட்டிகூடச் சாகவில்லை.

ஆனால் யானை தோண்டிய ஊற்று, யானையின் அளவுக்குத்தான் இருந்தது. பள்ளம் ஆழம். சுற்றிலும் செங்குத்தான மணல். மான் முன்காலை மடக்கி எட்டிக் குடித்தது. குரங்கு தொற்றி இறங்கியது. கௌதாரி சிறகடித்து இறங்கியது.

ஆமை விழுந்தது.

விழுந்த இடத்தில் குடித்துவிட்டு ஏறப் பார்த்தது. ஏற ஏற மணல் சரிந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது கௌதாரி பள்ளத்தின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தது.

"என்ன ஆமையக்கா, அங்கேயே குடித்தனம் வைக்கப் போறியா?"

"சிரிக்காதேடி. கால் எரியுது."

அப்போதுதான் கௌதாரிக்கு விஷயம் புரிந்தது. அது ஓடிப்போய்க் காட்டுப்பன்றியைக் கெஞ்சி அழைத்து வந்தது. பன்றி மூக்கால் நெம்பி ஆமையை வெளியே எறிந்தது. மல்லாந்து விழாமல் நேராக விழுந்தது ஆமையின் அதிர்ஷ்டம். அதன்பின் அந்தக் கோடை முழுவதும் ஆமை ஊற்றுப் பக்கமே போகவில்லை. சோற்றுக் கற்றாழையைக் கடித்து, விடியற்காலைப் பனியை நக்கி, உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

மழை வந்தது. ஆறு ஓடியது. எல்லோரும் கோடையை மறந்தார்கள். யானைத் தலைவி மட்டும் மறக்கவில்லை. கொண்டலாத்தியை அழைத்து, அடுத்த கோடைக்கு முன் காட்டின் கருத்தைக் கேட்டு வரச் சொன்னது.

கொண்டலாத்திக்குத் தலையில் விசிறி மாதிரி ஒரு கொண்டை. அதை விரித்து வைத்துக்கொண்டு புதர்புதராகப் பறந்து முழங்கியது.

"அன்பான காட்டுவாசிகளே! சென்ற கோடையில் யானையம்மா தோண்டித் தந்த ஊற்றுகள் உங்களுக்கு எப்படிப் பயன்பட்டன? நிறை இருந்தால் சொல்லுங்கள், மகிழ்வோம்! குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்துவோம்! ஆற்றங்கரை மருத மரத்தடிக்கு அனைவரும் வருக!"

ஒருவரும் போகவில்லை.

"வந்தா என்ன தருவீங்க?" என்று குரங்கு கேட்டது.

"எதுவும் தரமாட்டோம். நீங்கதான் தரணும், பதில்!"

"அப்போ நாளைக்குப் பார்க்கலாம்" என்று குரங்கு அடுத்த கிளைக்குத் தாவியது.

"நம்மகிட்ட கேட்டா தோண்டினாங்க? இப்ப மட்டும் எதுக்குக் கேக்கிறாங்க?" என்றது மான்.

சில நாள் கழித்துக் கொண்டலாத்தி மறுபடி வந்தது. கொண்டை பாதிதான் விரிந்திருந்தது.

"ஐயா, அம்மா, யாராவது வாங்களேன்! யானையம்மா அங்கே தனியா நிக்கிறாங்க. பார்க்கப் பாவமா இருக்கு!"

பாவம் என்ற சொல்லுக்குக் காடு கொஞ்சம் அசைந்தது. போய் வருவோம் என்று ஒவ்வொன்றாய்க் கிளம்பின. கௌதாரியும் சிறகைக் கோதிக்கொண்டு புறப்பட்டது. அப்போது ஆமை கள்ளி நிழலிலிருந்து தலையை நீட்டியது.

"மருத மரம் எனக்கு எட்டாத தூரம்டி. எனக்கும் சேர்த்து நீயே சொல்லிட்டு வர்றியா?"

"சொல்லிட்டாப் போச்சு! என்ன சொல்லணும்?"

ஆமை நெடுநேரம் யோசித்தது. இப்படி ஒருவர் தன்னிடம் கேட்டதே அதற்குப் புதிது.

"ஊத்து ரொம்ப நல்ல காரியம்னு முதல்ல சொல்லு. அப்புறம், ஏதாவது ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் சரிவா விட்டா, என்னை மாதிரி குட்டைக் கால்களும் இறங்கி ஏறலாம்னு சொல்லு. எல்லாப் பக்கமும் வேண்டாம். ஒரு பக்கம் போதும்."

"அவ்வளவுதானே? காடே கேக்கிற மாதிரி சொல்றேன் பாரு!"

"காடு கேக்க வேண்டாம். அவங்க கேட்டாப் போதும்" என்றது ஆமை.

பாதி வழியில் நரி எதிர்ப்பட்டது.

"கூப்பாட்டுக்காரி எங்கே, குறை சொல்லவா?"

"குறை இல்ல. ஒரு யோசனை."

"நீ யோசனைன்னு சொல்லுவே, பெரியவங்க காதுக்கு அது குறையாத்தான் போகும். மேலாத்துப் பக்கம் ஒரு முள்ளம்பன்றி இப்படித்தான் வாயை விட்டுச்சாம். அங்கேயிருந்த யானைங்க கோவிச்சுக்கிட்டு வேற காட்டுக்கே போயிட்டுதாம்!"

"நீ பார்த்தியா?"

"பார்த்தவங்க சொன்னாங்க."

"யாரு அது?"

"பேரைச் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டாங்களே!" என்று நரி வாலைச் சுருட்டியது. "எனக்கென்ன, நான் எங்கேயாவது ஓடிப் பிழைச்சுப்பேன். நீ குஞ்சுகளை வச்சிருக்கிறவ. பார்த்துப் பேசு."

கௌதாரி மேலே நடந்தது. ஆனால் நடை முன்போல் இல்லை. பறந்து போகவேண்டிய இடத்திலும் நடந்தே போனது.

மருத மரத்தடியில் யானைத் தலைவி நின்றது. பக்கத்துக் கிளையில் கொண்டலாத்தி. எதிரே வரிசை.

அந்தக் காட்டில் பழங்காலத்து வழக்கம் ஒன்று உண்டு. தண்ணீர் கொடுத்தவரைப் பார்த்தால் முதலில் தலை தாழ்த்தி, "வயிறு குளிர்ந்தது" என்று சொல்ல வேண்டும். அது நன்றி. அதைச் சொன்னபின் வேறு பேச்சு எடுப்பது மரியாதை இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மான் வந்தது. தலை தாழ்த்தியது. "வயிறு குளிர்ந்தது" என்றது.

"நல்ல பதில்! அடுத்தது!" என்றது கொண்டலாத்தி.

குரங்கு வந்தது. "வயிறு குளிர்ந்தது."

"மிக நல்ல பதில்! அடுத்தது!"

காட்டுப்பன்றி வந்தது. கௌதாரி அதையே கண் கொட்டாமல் பார்த்தது. ஆமையை நெம்பித் தூக்கியது பன்றியல்லவா! அது சொல்லிவிட்டால் நாம் சொல்ல வேண்டியதில்லையே!

பன்றி, "வயிறு குளிர்ந்தது. ரொம்பவே குளிர்ந்தது" என்று சொல்லிவிட்டு, மருதின் வேரை முகர்ந்துகொண்டே போய்விட்டது. ஆமையின் நினைப்பே அதற்கு இல்லை.

கௌதாரியின் முறை வந்தது. தலையைத் தாழ்த்தியது. நிமிர்ந்தபோது யானையின் முகம் வானம் மாதிரி மேலே இருந்தது. குஞ்சுகளின் காய்ந்த அலகுகள் கௌதாரியின் மனதில் வந்து வாய் திறந்தன.

"வயிறு குளிர்ந்தது" என்றது.

"நல்ல பதில்! அடு..."

"கொஞ்சம் இரு" என்றது யானை. அது குனிந்து கௌதாரியைப் பார்த்தது. "எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்றீங்க. உன் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கட்டாமை இருக்கில்ல? அவ வரலையே. அவ ஏதாவது சொன்னாளா?"

இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. சொல் தொண்டை வரை வந்தது. பின்னால் வரிசையில் நின்றவை எல்லாம் தன் முதுகையே பார்ப்பதுபோல் கௌதாரிக்குத் தோன்றியது.

"அவளும் அதையேதான் சொன்னா" என்றது.

"அப்படியா! சந்தோஷம்" என்றது யானை.

கௌதாரி வந்த வழியே திரும்பியது. காட்டிலேயே பெரிய குரல் அதனுடையது. சொல்லவேண்டியிருந்ததோ சின்னஞ்சிறு சேதி. அதைக்கூடச் சொல்ல முடியாமல் போனதே என்று கால் தடுக்கும்போதெல்லாம் நினைத்தது. கள்ளிப்புதரை அடைந்தபோது ஆமை வாசலிலேயே காத்திருந்தது.

"சொன்னியாடி?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சந்தோஷம்னு சொன்னாங்க."

அதுவரை பொய் இல்லை என்று கௌதாரி தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டது. ஆனால் ஆமை விடவில்லை.

"சரிவு போடுவாங்களா?"

"போடாமலா இருப்பாங்க!"

ஆமை கண்ணை மூடிக்கொண்டது. மூடிய கண்ணோரம் ஈரம். "பாரேன், நம்மையும் ஒரு பொருட்டா மதிச்சுக் கேக்கிறாங்க!" என்றது.

கௌதாரிக்கு அன்று இரை இறங்கவில்லை. கோடைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் ஒரு நாள் தனியாகப் போய் யானையிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தது. மறுநாளும் நினைத்தது. கறையான் ஈசல் பறக்கும் காலம் வந்தது. குஞ்சுகளுக்கு நல்ல வேட்டை. ஈசல் ஓயட்டும் என்று இருந்தது. பிறகு அடை காக்கும் காலம். குஞ்சு பொரியட்டும் என்று இருந்தது.

மழைக்காலம் முடியும்போது கொண்டலாத்தி மூன்றாம் முறை வந்தது.

"கடைசி அழைப்பு! கடைசி அழைப்பு! இதுவரை சொல்லாதவர்கள் வந்து சொல்லலாம்! முன்பு சொன்னதை மாற்றிச் சொல்ல விரும்புகிறவர்களும் வரலாம்! யாரும் கோபிக்க மாட்டோம்!"

கௌதாரியின் சிறகு தானாகவே விரிந்தது. ஆனால் இப்போது போனால், 'அன்றைக்கு ஏன் பொய் சொன்னாய்?' என்று யானை கேட்கும். ஆமைக்கும் தெரிந்துபோகும். விரிந்த சிறகு மடங்கியது. கொண்டலாத்தியின் குரல் தேய்ந்து மறையும்வரை கௌதாரி புதருக்குள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது.

கோடை வந்தது. கொடிய கோடை. கற்றாழைகூட வாடிச் சுருங்கியது. யானைகள் ஆற்றுக்கு வந்தன.

"போன தடவை தோண்டினது எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. அதே மாதிரியே தோண்டுங்க. தண்ணி கீழே போயிருக்கு, இன்னும் ஆழமாத் தோண்டுங்க!" என்றது தலைவி.

ஒரு காலை கௌதாரி கறையான் தேடிவிட்டு வந்தது. கள்ளிப்புதரின் மறுபக்கம் வெறுமையாக இருந்தது. குஞ்சுகள் மட்டும் நின்றன.

"பெரியம்மா எங்கே?"

"தண்ணிக்குப் போயிட்டாங்க! 'உங்கம்மா சொல்லி வச்சிருக்கா, இந்தத் தடவை எனக்குப் பயமில்ல'ன்னு சொல்லிட்டு, நேத்து ராத்திரியே கிளம்பிட்டாங்க. நீ தூங்கிட்டு இருந்தே, எழுப்ப வேண்டாம்னாங்க."

கௌதாரி அலகிலிருந்ததைக் கீழே போட்டது. பறந்தது.

முதல் ஊற்றில் இல்லை. அடுத்த ஊற்றைச் சுற்றி மணலில் ஒரு தடம் கிடந்தது. சின்னக் கால்களின் தடம். அது ஊற்றின் விளிம்பை ஒட்டியே ஒரு முழு வட்டம் போய், மறுபடி ஒரு வட்டம் போய், ஓரிடத்தில் மணலோடு சரிந்து உள்ளே இறங்கியிருந்தது.

பள்ளத்தின் அடியில் ஆமை மல்லாந்து கிடந்தது. முதுகின் நட்சத்திரங்கள் மண்ணுக்குள் புதைந்திருந்தன; வெளுத்த வயிறு வெயிலில் காய்ந்தது. கால்கள் மெல்ல அசைந்தன. தண்ணீர் தலைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

"ஆமையக்கா!"

"வந்துட்டியா?" குரல் இன்னும் சிறுத்திருந்தது. "எந்தப் பக்கம்டி சரிவு? நானும் சுத்திச் சுத்திப் பார்த்தேன். எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு போல."

கௌதாரி பள்ளத்துக்குள் இறங்கியது. அலகை ஓட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பியது. ஓடு அசையவில்லை. சிறகைத் தண்ணீரில் நனைத்துவந்து ஆமையின் வாயருகே பிடித்தது. ஒரு சொட்டு விழுந்தது. மறு சொட்டுக்குப் போய் வருவதற்குள் மணல் முதல் சொட்டைக் குடித்திருந்தது. பிறகு விளிம்பில் ஏறி நின்று கூவத் தொடங்கியது. தொண்டை கிழியக் கூவியது. மான்களும் குரங்குகளும் வெயிலுக்கு ஒதுங்கி எங்கோ நிழலில் கிடந்தன. யானைகள் மலைச்சரிவுக்குப் போயிருந்தன. கூவிக் கூவிக் குரல் கம்மியது.

யானைத் தலைவிக்கு அந்தக் குரல் எட்டியது. ஆனால் மலை தூரம். வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. துதிக்கையை இறக்கி ஆமையை மெதுவாகப் புரட்டி எடுத்து மணலில் வைத்தது. கால்கள் நேராக நின்றன. தலை மட்டும் வெளியே வரவில்லை.

யானை காத்திருந்தது. கொண்டலாத்தியும் வந்து காத்திருந்தது. தலை வரவேயில்லை.

"இவளுக்கும் இந்த ஊத்து பிடிச்சிருக்குன்னுதானே நீ சொன்னே?" என்று யானை கேட்டது. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கௌதாரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கௌதாரி எல்லாவற்றையும் சொன்னது. கம்மிய குரலில், ஒன்றையும் மறைக்காமல், நரி சொன்னதையும் தான் பயந்ததையும் தன் வீட்டு வாசலில் சொன்ன பொய்யையும் சொன்னது.

யானை ஊற்றின் விளிம்புக்குப் போனது. முன்காலைத் தூக்கி ஒரு மிதி மிதித்தது. மணல் அமுங்கி இறங்கியது. இன்னொரு மிதி. கெட்டியான சரிவு ஒன்று விளிம்பிலிருந்து தண்ணீர்வரை இறங்கிவிட்டது. தும்பி ஒன்று தண்ணீரில் உட்கார்ந்து எழும் நேரம்கூட ஆகவில்லை.

"இவ்வளவுதான் வேலை. யாரு எங்கே விழுறாங்கன்னு நிக்கிற உயரத்துல இருந்து எனக்குத் தெரியலை. அதுக்காகத்தான் கேட்டேன்" என்றது யானை. பிறகு கொண்டலாத்தியைப் பார்த்தது. "நன்றி சொன்னதையெல்லாம் நாம பதில்னு எடுத்துக்கிட்டோம். வர முடிஞ்சவங்களை மட்டும் வரச்சொல்லிக் கேட்டோம். தப்பு இவ ஒருத்தியோடது மட்டும் இல்ல."

கொண்டலாத்தியின் கொண்டை மடிந்து பிடரியோடு படிந்திருந்தது.

மறுநாள் காலை அந்தச் சரிவின் வழியே அதுவரை யாரும் ஊற்றுப் பக்கம் பார்த்திராத உயிர்கள் இறங்கின. முள்ளெலி வந்தது. அரணை வந்தது. ஒரு தேரை வந்தது. வேறு இரண்டு கட்டாமைகள், எந்தப் புதரிலிருந்தோ, உடம்பு வற்றி ஒடுங்கி வந்து, கழுத்து முங்கக் குடித்தன.

"இத்தனை நாளா எங்கே இருந்தீங்க?" என்று மான் ஆச்சரியப்பட்டது.

"இங்கேதான் இருந்தோம். மருத மரம் வரைக்கும் எங்களால நடந்து வர முடியலையே. மத்தவங்க சொல்லுவாங்கன்னு இருந்துட்டோம்" என்றது முள்ளெலி.

அவை குடித்து முடித்து, மெல்ல மெல்லச் சரிவேறி, ஒன்றன்பின் ஒன்றாய்க் காட்டுக்குள் போயின. கௌதாரி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் தாகம்தான். ஆனாலும் தண்ணீரருகே போகக் கால் வரவில்லை.

கேட்கிறவர் காது திறந்திருக்கும்போதே உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும்; காலம் கடந்து சொன்ன உண்மை இனி வருகிறவர்களைக் காக்கும், போனவரைத் திருப்பித் தராது.